தொட்டி ஆமைக்குத் துணை தேவையா?

எழுதியவர்: பதினோராம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு



போன செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்து வாசலில் நடந்த கூத்து உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் வாளியோடு வந்து நின்றான். வாளிக்குள் உள்ளங்கை அளவு ஆமை. முந்தின நாள் மழையில் அவங்க வீட்டுப் பக்கத்துக் குளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்ததாம். "அக்கா, நம்ம தொட்டி ஆமை ரொம்ப நாளா தனியாவே கிடக்குல்ல? பாவம். அதுக்குத் துணைக்கு இதை விட்ரலாம்" என்றான். பின்னாலேயே அவன் கூட்டாளிகள் பத்துப் பேர். ஆமைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள்!

விலங்கியல் ஐயா ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நம் நாட்டு ஆமைகளைப் பிடித்து வைப்பது 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் நான் விட மாட்டேன் என்றார். அன்று சாயங்காலமே ஐயாவும் நானும் அந்தத் தம்பியும் போய் அதே குளத்துக் கரையில் விட்டுவிட்டு வந்தோம். வழி முழுக்க அவன் என்னோடு பேசவே இல்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான்: "முதலைப் பண்ணையில ஒரே தொட்டியில அத்தனை முதலை கிடந்துச்சே. அதுங்க மட்டும் ஒண்ணா இருக்கலாமாக்கா?"

சத்தியமாக எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஒரு வாரம் ஐயாவை நச்சரித்து, நூலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முதலைப் பண்ணை. சுற்றுலா போனவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திப் பாருங்கள். மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறதே, அந்தப் பண்ணை 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடு இருந்தவர்களும் தொடங்கியது. உள்ளே ஒரு தொட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக, விறகு அடுக்கி வைத்த மாதிரி கிடந்தவை எல்லாம் சதுப்புநில முதலைகள். அதாவது ஒரே இனம். முதலைகளில் இது கொஞ்சம் ஒத்துப்போகிற சாதி. அவற்றுக்குள்ளும் பெரியவன் சின்னவன் என்ற வரிசை உண்டு. வரிசை தெரிந்துவிட்டால் சண்டை குறையும். உப்புநீர் முதலையைத் தனியாக வைத்திருந்தார்கள் பாருங்கள். அதில் வளர்ந்த ஆண் இன்னொரு ஆணைத் தன் எல்லைக்குள் சேர்க்கவே சேர்க்காது. நீளமான குச்சி மாதிரி வாய் உள்ள கரியால் முதலையும் தனி. அந்த ஒல்லி வாய் மீன் பிடிக்கத்தான் லாயக்கு. அகல வாய் முதலையோடு மல்லுக்கு நின்றால் கரியால்தான் தோற்கும். போதாததற்கு வளர்ந்த கரியாலுக்கு மற்ற முதலைகளைப் போல உடம்பைத் தரையிலிருந்து தூக்கி நடக்கத் தெரியாது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் நகரும். கரையில் தப்பித்து ஓட வழியே இல்லை.

ஆக, தம்பி பார்த்தது பல முதலைகளை. பல இனங்களை அல்ல. இந்த வித்தியாசத்தை நானும் போன வருடம் பார்த்தபோது கவனிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டிக்கும் சுவர் வைத்திருப்பது நாம் வேடிக்கை பார்க்க என்றுதான் நினைத்திருந்தேன்!

யார் யாரைத் தின்பார்கள்?

இதில் எனக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு ஓணான் ஒன்றை வளர்த்தேன். (வளர்த்தேன் என்று சொல்வதே தப்பு, அடைத்து வைத்தேன்.) தோட்டத்தில் ஒரு குட்டி அரணை கிடைத்தது. இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது, விளையாடட்டும் என்று உள்ளே போட்டேன். காலையில் திறந்தால் அரணையின் வால் மட்டும் கிடந்தது. பயந்தால் அரணை வாலைக் கழற்றிவிட்டு ஓடும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஆனால் மூடின பெட்டிக்குள் எங்கே ஓடும்? ஓணான் பூச்சி மட்டும்தான் தின்னும் என்று நினைத்திருந்தேன். வாயில் அடங்குகிற சின்னப் பல்லியையும் விடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊர்வனவற்றில் பெரும்பாலானவை அளவைத்தான் பார்க்கும். வாயில் அடங்கினால் இரை. உடும்பு ஆமை முட்டையையும் முதலை முட்டையையும் தோண்டித் தின்னும். பெரிய முதலை தன் இனத்துக் குட்டியையே விழுங்கும். பாம்பைத் தின்பதற்கென்றே இருக்கிற பாம்புகளும் உண்டு. ராஜநாகத்தின் விலங்கியல் பெயர் ஓபியோபேகஸ். கிரேக்கத்தில் 'பாம்பு தின்னி' என்று அர்த்தம். சாரைப்பாம்பு என்றால் அதற்கு விருந்து. நம் ஊர்க் கட்டுவிரியனும் மற்ற பாம்புகளைத் தின்னும். அதே முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, 1978-ல் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானைகளில் வைத்து, பானை வாயைத் துணியால் கட்டி, விஷம் எடுத்துவிட்டுச் சில வாரத்தில் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டால் வேலை சுலபம்தானே என்று எவரும் அங்கே யோசிப்பதில்லை.

சரி, தின்னாது என்றால் சேர்த்து வைக்கலாமா? நம் தொட்டி ஆமை குளத்து ஆமையைக் கடித்துத் தின்னப் போவதில்லை. அங்கேதான் அடுத்த சிக்கல் வருகிறது. இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வெயில்தான் சோறு

நமக்கு உடம்புச் சூடு 37 டிகிரி. ஊட்டிக்குப் போனாலும் வேலூருக்குப் போனாலும் அதேதான். சாப்பிட்ட சாப்பாட்டில் பெரும் பகுதியை எரித்துத்தான் அந்தச் சூட்டைக் காப்பாற்றுகிறோம். ஊர்வனவற்றுக்கு அந்த அடுப்பு உள்ளே இல்லை. வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும். காலையில் ஆமை கட்டை மேல் ஏறி நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து 'சோம்பேறி' என்று சிரிக்கிறோம். உண்மையில் அது அப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. உடம்பு சூடானால்தான் தின்றது செரிக்கும். நோயை எதிர்க்கும் சக்தியும் சூட்டோடுதான் வரும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும், ஓடு கெட்டியாகும். ஓடு நன்றாகக் காய்ந்தால் பாசியும் பூஞ்சையும் பிடிக்காது. சூடு கிடைக்காத ஆமை வயிறு நிறையத் தின்றாலும் பயனில்லை, உள்ளே செரிக்காமல் கெட்டுப்போகும்.

இப்போது நம் தொட்டியை நினைத்துப் பாருங்கள். வெயில் காய ஒரே ஒரு கல். அதன் மேல் ஜன்னல் வெயில் விழுவது காலையில் கொஞ்ச நேரம்தான். அந்த ஒரு இடத்துக்கு இரண்டு ஆமை வந்தால் என்ன ஆகும்? கடித்துக்கொண்டு ரத்தம் வந்தால் நமக்குத் தெரிந்துவிடும், பிரித்துவிடுவோம். ஆனால் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பலமுள்ளது மேலே ஏறும். மற்றது தண்ணீரிலேயே கிடக்கும். அல்லது ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக் கிடக்கும். நாம் அதைப் பார்த்து "ஐ, எவ்வளவு பிரியமா இருக்கு பாருங்க!" என்று சொல்வோம். நானும் ஒரு காலண்டரில் அப்படி ஒரு படத்தைப் பார்த்து ரசித்தவள்தான். அது பிரியம் இல்லை, இட நெருக்கடி. காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் நாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறோமே, அதைப் பார்த்து யாராவது நட்பு என்று சொல்வார்களா?

நம் தொட்டியில் இருப்பது செவ்வரிக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறதே, அதுதான் அடையாளம். சொந்த ஊர் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். கடையில் விற்கும்போது பழைய ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். "இதுக்கு மேல வளராது" என்று சொல்லித்தான் விற்றார்களாம். நம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன அண்ணன் சொன்னது. பெண் ஆமை ஒரு அடி வரை வளரும், முப்பது வருடத்துக்கு மேல்கூட வாழும்!

பிரான்சு நாட்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், காதியும் ஜோலியும், இந்த ஆமையையும் ஐரோப்பாவின் சொந்தக் குளத்து ஆமையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 2003-லும் 2004-லும் முடிவுகள் வெளிவந்தன. நல்ல வெயில் படும் இடங்களைச் செவ்வரிக் காது ஆமைகள் பிடித்துக்கொண்டன. உள்ளூர் ஆமைகள் மட்டமான இடங்களுக்கு ஒதுங்கின. சேர்த்து வைத்த குளங்களில் உள்ளூர் ஆமைகளின் எடை குறைந்தது. தனியாக வைத்தவற்றைவிட அதிகமாகச் செத்தன. இவ்வளவும் பெட்டியிலோ கண்ணாடித் தொட்டியிலோ இல்லை, வெளியே குளத்தில். நம் தொட்டி எவ்வளவு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அளந்திருக்கிறார்கள்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். தம்பியின் வாளி ஆமைக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனம் வேறானால் தேவையான சூடும் வேறு. ஆஸ்திரேலியப் பாலைவனத்துத் தாடி ஓணானுக்கு வெயில் காயும் இடம் 40 டிகிரி அளவுக்கு இருக்க வேண்டும். நியூ காலிடோனியா தீவின் கொண்டைப் பல்லிக்கு 28 டிகிரிக்கு மேல் போனாலே மூச்சுத் திணறும். வெளிநாடுகளில் இரண்டையும் வீட்டில் வளர்க்கிறார்கள். ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று குளிரில் வாடும், இல்லாவிட்டால் மற்றது வெந்துபோகும். நடுவில் 33 வைத்தால்? ரெண்டுக்குமே கெடுதல்!

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்டமீபா இன்வேடன்ஸ் என்று ஓர் ஒற்றைச் செல் உயிரி. நாம் பாடத்தில் படித்த என்டமீபா ஹிஸ்டாலிடிகா, அதாவது சீதபேதி உண்டாக்குவது, அதன் சொந்தக்காரன். ஆமைகளின் குடலில் இது பல நேரம் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. நன்றாகத் தின்னும், நீந்தும். ஆனால் அதன் எச்சம் வழியே வெளியே வந்து, அதே தண்ணீரைக் குடிக்கும் பாம்புக்குள்ளோ, பூச்சியும் மாமிசமும் தின்னும் பல்லிக்குள்ளோ போனால் குடலையும் கல்லீரலையும் அரித்துவிடும். பாம்பு இரை எடுப்பதை நிறுத்தும், ரத்தமாகக் கழியும், செத்துப்போகும். ஒருவருக்கு விருந்தாளி, இன்னொருவருக்கு எமன்.

ஆமையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் நல்ல பண்ணைகளிலும் விலங்குக் காட்சிச் சாலைகளிலும் புதிதாக வரும் எதையும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தனியாக வைத்து எச்சத்தைச் சோதிப்பார்கள். ஒரு கூண்டில் தொட்ட கொக்கியையும் வாளியையும் கழுவாமல் அடுத்த கூண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பார்கள். ஒரே கூண்டிலேயே போட்டுவிட்டால் அப்புறம் கொக்கியைக் கழுவி என்ன பிரயோஜனம்?

இடையில் ஒரு விஷயம். ஆமைகள் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவையும் சுமக்கும். அது மனிதர்களுக்கு வரும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. அமெரிக்காவில் 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். காரணம், குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துவிடுவார்களாம்! தொட்டியைத் தொட்டுவிட்டு அப்படியே டிபன் பாக்ஸைத் திறக்கிற ஆறாம் வகுப்புத் தங்கைகளே, உங்களைத்தான். சோப்பு குழாயடியிலேயே இருக்கிறது.

காட்டில் சேர்ந்துதானே இருக்குது?

இதையும் ஒருத்தன் கேட்டான். நியாயம்தான். அமெரிக்காவின் தென்கிழக்கில் கோஃபர் ஆமை என்று ஒரு தரை ஆமை இருக்கிறது. அது மண்ணில் தோண்டும் வளை சராசரியாகப் பதினைந்து அடி நீளம். அந்த வளைகளில் 350-க்கும் மேற்பட்ட வகை உயிரினங்கள் ஒண்டிக்கொள்வதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அதில் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு, தவளையும் உண்டு, எலியும் உண்டு! கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை என்று நாம் சொல்வோமே, அது மாதிரி ஆமை வளையெடுக்க ஊரே குடிபுகுந்திருக்கிறது. நம் நாட்டிலேயே சம்பல் ஆற்றில் சதுப்புநில முதலையும் கரியாலும் சேர்ந்துதான் வாழ்கின்றன.

ஆனால் சம்பல் சரணாலயத்தில் ஆறு ஓடும் நீளம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். கரியால் மணல் திட்டையும் ஆழமாக ஓடுகிற தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். மற்றது சேற்றுக் கரையில் வளை தோண்டிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் அடுத்த மடுவுக்குப் போய்விடலாம். கோஃபர் ஆமையின் வளைக்கும் கதவு கிடையாது. பயந்தவன் வெளியே ஓடலாம். சில நாள் ஓட முடியாமலும் போகும், யாரோ யாரையோ தின்பதும் நடக்கும். காடு ஒன்றும் ஆசிரமம் இல்லை. ஆனால் ஓட இடம் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் இல்லாதது அது ஒன்றுதான். என் செருப்புப் பெட்டியில் இல்லாததும் அதுதான்.

பெரிய விலங்குக் காட்சிச் சாலைகளில் இரண்டு மூன்று இனங்களைச் சேர்த்து வைப்பது உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உதாரணத்துக்கு, தென் அமெரிக்காவின் செங்கால் ஆமையையும் பச்சை இகுவானாவையும் சேர்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரிச் சூடும் ஈரமும் போதும், இரண்டும் இலைதழை, பழம் சாப்பிடும், ஒன்று தரையில் இருக்கும், மற்றது மரத்தில் ஏறிவிடும். அப்போதும் அறை பெரிதாக இருக்க வேண்டும், வெயில் காயும் இடம் ஒன்றுக்கு நாலு இருக்க வேண்டும், ஒளிய இடம் வேண்டும், சோதித்துத்தான் விட வேண்டும், சண்டை வந்தால் பிரிக்கக் காலிக் கூண்டு தயாராக இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள முழுநேர ஆளும் மருத்துவரும் இருக்கிற இடத்தில் செய்கிற வேலை. நம் ஆய்வகத்தில் ஐயா ஒருத்தர்தான், அவருக்கும் வாரத்துக்கு இருபத்தெட்டுப் பீரியட்!

அப்போ அது ஏங்காதா?

தம்பியின் முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். மாட்டுக்கும் நாய்க்கும் துணை வேண்டும், நாய்க்குட்டி இரவெல்லாம் அழும். அதே மனதை ஆமைக்கும் நாம் வைத்துப் பார்க்கிறோம். ஊர்வனவற்றிலும் குடும்பம் கொஞ்சம் உண்டு. தாய் முதலை குஞ்சுகளை வாயில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகும். ஆஸ்திரேலியாவில் ஒரு குண்டு அரணை வருடா வருடம் அதே ஜோடியையே தேடிப் போகும். ஆனால் செவ்வரிக் காது ஆமை முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்தே தனி ஆள். தாய் முகமே தெரியாது. அதற்கு இன்னொரு ஆமை என்றால் துணை இல்லை, போட்டி. வேறு இனத்து ஆமை என்றால் கேட்கவே வேண்டாம்.

கஷ்டப்படுகிற ஊர்வன கத்தாது, முகம் சுளிக்காது. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் யாராவது தின்றுவிடுவார்கள் என்பதால் மறைத்தே பழகியவை. சரியாகத் தின்னாது, எப்போதும் ஒரே மூலையில் ஒளிந்திருக்கும், வெயில் காய வராது, கண்ணாடி ஓரமாகவே முட்டி முட்டி நடக்கும். நமக்குத் தெரிய வரும்போது பாதி நாள் காலம் கடந்திருக்கும். நம் ஆமை கண்ணாடியை முட்டுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதைத்தான் துணை தேடுகிறது என்று நினைத்துக்கொண்டோம். இடம் போதவில்லை என்பதுதான் ஐயாவின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

"அப்போ அதையும் குளத்துலயே விட்டுட்டா என்ன?" என்று ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் கேட்டார்கள். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம். பிரான்சில் நடந்தது நம் ஊர்க் குளத்திலும் நடக்கும். கைவிடப்பட்ட இந்த ஆமைகள் பெருகித்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் இதன் இறக்குமதியையே தடை செய்தது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. ஆமை பாவம், அது ஒன்றும் வில்லன் இல்லை. அதைக் காசு கொடுத்து இங்கே கொண்டுவந்தவர்கள் நாம்தான். வீட்டில் இப்படி ஆமை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் வனத்துறையிடம் கேளுங்கள். கோயில் குளத்தைத் தேடாதீர்கள்.

இனி நம் வேலை. ஆய்வகத்துக்குப் பின்னால் உடைந்து கிடக்கும் பழைய சிமென்ட் தொட்டியைப் பூசித் தர தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். பத்தடி நீளம். காலையிலிருந்து மதியம் வரை வெயில் விழும். உள்ளே செங்கல் அடுக்கி மூன்று மேடை கட்டப் போகிறோம், ஒரு ஓரத்தில் நிழலுக்குப் பாதி ஓலைக் கூரை, காக்காய்க்கும் பூனைக்கும் மேலே கம்பி வலை. சனிக்கிழமை காலை வரக்கூடியவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். தண்ணீர் மாற்றுகிற முறை அட்டவணையில் புதன்கிழமைக்கு ஆளே இல்லாமல் இருந்தது. வாளித் தம்பி தானாக வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போனான்.

அவன் தினமும் சைக்கிளில் அந்தக் குளத்துக் கரை வழியாகத்தான் வருகிறான். நேற்று தண்ணீரில் சாய்ந்து கிடந்த கருவேலங்கட்டை மேல் ஒரு ஆமை வெயில் காய்ந்ததாம். இவன் சைக்கிளை நிறுத்தியதும் 'தொபுக்'கென்று குதித்துவிட்டதாம். "நம்ம ஆமைதானாக்கா அது?" என்று கேட்டான். எனக்குத் தெரியலைடா என்றேன்.